உலோகம் கலக்காத எம்.ஆர்.ஐ. காண்ட்ராஸ்ட்: ஆராய்ச்சியில் இறங்குபவருக்கு ஒரு வழித்துணை

புற்றுநோய்க் கட்டியை எம்.ஆர்.ஐ.யில் எடுப்பாகக் காட்ட நரம்பில் ஏற்றும் மருந்தை ஸ்கேன் மையங்களில் காண்ட்ராஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். அதில் வேலை செய்வது பெரும்பாலும் கடோலினியம் என்னும் உலோகம். அந்த உலோகம் இல்லாமல் அதே வேலையைச் செய்யும் சேர்மம் ஒன்றை உருவாக்குவதாகச் சொல்லிக்கொண்டு, வடசென்னையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையிலிருந்து கிளம்பியவன் நான். வீடு தண்டையார்பேட்டை. வேதியியல் ஓரளவு தெரியும். எந்தக் காகிதம் யாரிடம் எப்போது போக வேண்டும் என்பது சுத்தமாகத் தெரியாது. முதல் இரண்டு வருடங்களில் பாதி அந்த அறியாமைக்கே செலவாயிற்று. பெரிய ஆய்வகத்தில் சேர்பவர்களுக்கு இதையெல்லாம் மூத்த மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். சொல்ல ஆள் இல்லாத துறையில் உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்

குடுவையைத் தொடுவதற்கு முன், "யாருக்காக இது?" என்பதற்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதுங்கள். என் முதல் விண்ணப்பத்தில் "கடோலினியம் நச்சு" என்று தொடங்கியிருந்தேன். அதைப் படித்த கதிரியக்க மருத்துவர் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தினமும் நாங்கள் போடுகிற மருந்து இது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை" என்றார். அவர் சொன்னது சரி. 1988 முதல் புழக்கத்தில் உள்ள மருந்து அது.

சிக்கல் குறிப்பான இடங்களில் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்க்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிவந்தது. பலமுறை ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் உலோகம் தங்கியதற்கான அடையாளம் தெரிவதாக 2014இல் ஜப்பானிலிருந்து ஆய்வு வந்தது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம், உலோகத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கும் நேர்கோட்டு வகை மருந்துகளில் பலவற்றை நிறுத்திவைத்தது. ஆகவே உங்கள் பக்கத்தில் "சிறுநீரகம் பழுதான புற்றுநோயாளி", "சிகிச்சைக்காலம் முழுவதும் அடிக்கடி ஸ்கேன் தேவைப்படுபவர்" என்று ஆளைக் காட்டி எழுதுங்கள். இந்த ஒரு பக்கம்தான் பிறகு நிதி விண்ணப்பம், நெறிமுறைக் குழு, காப்புரிமை ஆகிய மூன்றுக்கும் முகவுரையாகப் போகும்.

2. கணக்குப் போட்டுவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்

முதலில், நம் கைக்கு எட்டாத இரண்டு வழிகள். ஃப்ளோரின் வழிக்கு அதன் சமிக்ஞையை வாங்க, அதற்கென்று சுதி சேர்த்த தனிச் சுருள் வேண்டும். சாதாரண மருத்துவமனை ஸ்கேனரில் அது இருக்காது. கார்பன்-13 பைருவேட் வழிக்கு, அதன் சமிக்ஞையை முன்கூட்டியே பெருக்கித் தரும் அதிமுனைவாக்கும் இயந்திரம் வேண்டும். இரண்டையும் படித்து வையுங்கள், ஆசைப்படாதீர்கள். நம் கைக்கு எட்டுபவை வேறு இரண்டு.

முதல் வழி நைட்ராக்சைடு. இணைசேராத ஒற்றை எலக்ட்ரானைச் சுமக்கும் கரிமச் சேர்மங்கள் இவை. டெம்போல், கார்பாக்சி-பிராக்சில் போன்றவை. அருகிலுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் ஸ்கேனரின் அலையால் கலைந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் டி-1 நேரத்தைக் குறைத்துப் படத்தில் வெளிச்சம் கூட்டும். எவ்வளவு கூட்டும்? இங்கேதான் கணக்கு. 1 மில்லிமோலாருக்கு நொடிக்கு எவ்வளவு என்ற அளவில் கடோலினிய மருந்தின் தளர்வுத்திறன், அதாவது டி-1ஐக் குறைக்கும் வலிமை, ஏறத்தாழ 4. சிறிய நைட்ராக்சைடுக்கு ஏறத்தாழ 0.2. இருபது மடங்கு வித்தியாசம். கடோலினியத்தின் வழக்கமான அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிமோல். அதே வெளிச்சம் வேண்டுமென்றால் நைட்ராக்சைடு 120 மில்லிமோல் ஏற்ற வேண்டும். டெம்போலாக இருந்தால் இருபது கிராமுக்கு மேல்! ஒரு சின்ன ஊசியில் போகிற விஷயமா அது?

போதாக்குறைக்கு, உடம்பில் உள்ள வைட்டமின் சி நைட்ராக்சைடைச் சில நிமிடங்களில் ஒடுக்கிச் செயலற்றதாக்கிவிடும். அதனால்தான் இப்போது பல நைட்ராக்சைடுகளை ஒரே பாலிமரில் கோத்து, சுற்றிலும் பருமனான தொகுதிகளை வைத்துக் காக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி., நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் குழுக்கள் 2017இல் வெளியிட்ட அத்தகைய பாலிமர், ஊசி போட்டு 20 மணி நேரம் கழித்தும் எலியின் கட்டியைக் காட்டியது. அந்த வழியில் போக விரும்பினால் பாலிமர் வேதியியல் தெரிந்த கூட்டாளி கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது வழி செஸ்ட் எனப்படும் புரோட்டான் பரிமாற்ற முறை. சேர்மத்தின் ஓ.எச்., என்.எச். புரோட்டான்களைக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அடக்கினால், அவை தண்ணீரோடு இடம் மாறி, தண்ணீரின் சமிக்ஞையையும் தணிக்கும். குளுக்கோஸ், சாலிசிலிக் அமிலம், சி.டி. ஸ்கேன் அறையில் ஏற்கெனவே இருக்கும் ஐயோபமிடால் ஆகிய பழகிய பொருள்களே இதற்கு உதவும். ஐயோபமிடாலில் இருப்பது அயோடின், உலோகம் இல்லை. கட்டியைச் சுற்றியுள்ள அமிலத்தன்மையை அளக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் கல்லூரி என்.எம்.ஆர். கருவி 400 மெகாஹெர்ட்ஸ், மருத்துவமனையின் 3 டெஸ்லா ஸ்கேனர் 128 மெகாஹெர்ட்ஸ். தண்ணீரிலிருந்து 1.2 பி.பி.எம். (கருவியின் அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் 1.2 பங்கு) தள்ளி நிற்கும் குளுக்கோஸின் ஓ.எச். சமிக்ஞை என்.எம்.ஆரில் 480 ஹெர்ட்ஸ் விலகியிருக்கும், ஸ்கேனரில் 150 மட்டும். பரிமாற்ற வேகம் அந்த விலகலை மிஞ்சினால் சமிக்ஞை தண்ணீரோடு கரைந்துவிடும். கல்லூரியில் கிடைத்த அழகான வளைவு மருத்துவமனையில் காணாமல் போவது இப்படித்தான். சாலிசிலிக் அமிலம் 9.3 பி.பி.எம். தள்ளி நிற்பதால் 3 டெஸ்லாவிலும் ஏறத்தாழ 1,200 ஹெர்ட்ஸ் இடம் கிடைக்கிறது. குளுக்கோஸைப் பற்றி இன்னொரு சொல்: நம்மூரில் புற்றுநோயாளிகளில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று புறநோயாளிப் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

எம்.எஸ்சி. திட்டம், ஆறு மாதம்தான் கையில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செஸ்ட். முனைவர் பட்டம், புதிதாகச் சேர்மம் செய்தே தீர வேண்டும் என்றால் நைட்ராக்சைடு. இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன் என்று நான் எழுதிக் கொடுத்தேன். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

3. காத்திருக்கும் காகிதங்களை முதலில் நகர்த்துங்கள்

வேதியியல் உங்கள் கையில் இருக்கிறது. குழுக்கூட்டத் தேதி உங்கள் கையில் இல்லை. ஆகவே வரிசை இது: நெறியாளர் கையெழுத்து, கூட்டாளி மருத்துவரின் ஒப்புதல் கடிதம், விலங்கு நெறிமுறைக் குழு விண்ணப்பம். மூன்றும் முதல் மூன்று மாதங்களுக்குள் கிளம்பிவிட வேண்டும்.

எலியில் சோதிக்கப் படிவம் பி நிரப்பி, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். எலி, சுண்டெலி என்றால் அந்தக் குழுவே அனுமதிக்கலாம். பெரிய விலங்கென்றால் மத்தியக் குழு வரை போகும். நிறுவனம் சி.சி.எஸ்.இ.ஏ. எனப்படும் அந்த மத்தியக் குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். என் கல்லூரிக்கு அந்தப் பதிவு இல்லை என்பதையே எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு வேறொரு நிறுவனத்தில் இணை ஆய்வாளரைத் தேடி, அவர் பெயரில் விண்ணப்பித்தோம். குழு கூடுவது சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை; ஒரு கையெழுத்து குறைந்தாலும் அடுத்த கூட்டம்தான். படிவத்தில் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவது எலிகளின் எண்ணிக்கைக்கான காரணம். "ஒரு குழுவுக்கு ஆறு" என்று சும்மா போடாமல், எவ்வளவு வித்தியாசத்தைக் காண எத்தனை எலி தேவை என்ற புள்ளியியல் கணக்கை இணையுங்கள். மயக்கம் கொடுக்கும் முறையும் கடைசியில் வலியின்றி முடிக்கும் முறையும் தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும்.

4. பொருள் வாங்குதல்

ஆராய்ச்சிப் பணத்தில் வாங்க மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், ஒரே நிறுவனம்தான் தயாரிக்கிறது என்றால் அதற்கான சான்று ஆகியவை வேண்டும். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அடுத்த தவணை தாமதமாகும். ஜனவரியில் ஆர்டர் போட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் வேதிப்பொருள் மார்ச்சுக்குள் வரும் என்று நம்பாதீர்கள். டெம்போல் மலிவு. பணம் கரைவது கரைப்பான்களிலும், சிலிக்கா ஜெல்லிலும், வெளி ஆய்வகங்களில் கருவிக்குக் கட்டும் மணிக்கணக்குக் கட்டணத்திலும்தான்.

அமீனை நைட்ராக்சைடாக ஆக்சிஜனேற்றும் வினையைக் குளிரில் நடத்த வேண்டும். எங்கள் துறையில் ஐஸ் இயந்திரம் ஓடாது. காலை ஆறு மணிக்குக் காசிமேட்டில் உடைத்த ஐஸ் வாங்கி, உப்புப் போட்டு, குடுவைக்கு வெளியே சுற்றி வைத்தேன். மைனஸ் பத்து வரை இறங்கும். வெளியே வைப்பதால் எந்த ஐஸாக இருந்தாலும் சரி.

5. "உலோகம் இல்லை" என்பதை நிரூபியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நைட்ராக்சைடு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க, கரைசலில் வைட்டமின் சி சேர்த்து டி-1 அளப்பார்கள். நைட்ராக்சைடு ஒடுங்கினால் டி-1 நீண்டு, வெறும் தண்ணீருக்குரிய மூன்று நொடிப் பக்கம் போக வேண்டும். எனக்கு அது குறைந்தது. 0.3 நொடி! வைட்டமின் சி போட்டால் காண்ட்ராஸ்ட் கூடுகிறது. கட்டிக்குள் போனதும் விழித்துக்கொள்ளும் மருந்து! அன்று இரவே படவில்லைகள் தயாரித்தேன். நெறியாளரும் நம்பினார்.

மூன்றாம் நாள், குடுவைகளைக் கழுவும் அக்கா என் மேசையருகே நின்று ஒரு குடுவையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது பி.எஸ்சி. பிள்ளைகளின் பெர்மாங்கனேட் குடுவை ஆயிற்றே. கழுத்தில் பழுப்பு தெரிகிறது பாருங்கள்" என்றார். பார்த்தேன். அளவுக்கோட்டுக்குக் கீழே, நகக்கீற்று மாதிரி ஒரு பழுப்பு வளையம். மாங்கனீசு டை ஆக்சைடு. வைட்டமின் சி அதைக் கரைத்து மாங்கனீசு அயனியாக்கிவிட்டது. அந்த அயனியின் தளர்வுத்திறன் நைட்ராக்சைடைப் போலப் பல பத்து மடங்கு. பத்து மில்லி கரைசலில் டி-1ஐ 0.3 நொடிக்கு இறக்க அரை மில்லிகிராம் கறைகூட வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது காது சுட்டது.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள். இந்த வேலைக்கென்று தனிக் குடுவைகள் ஒதுக்கி, பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, மிகத்தூய நீரில் அலசுங்கள். கேன் தண்ணீர் வேண்டாம். எஃகுக் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக். ஒவ்வொரு மாதிரியிலும், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. ஒரு துளி சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். டி-1 மாறினால் உள்ளே உலோகம் இருக்கிறது. செலவே இல்லாத சோதனை இது. நைட்ராக்சைடு இல்லாமல் வெறும் தாங்கல் கரைசலில் வைட்டமின் சி போட்ட ஒரு மாதிரியும் வேண்டும். நான் அதை வைத்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

தயாரிப்பு வழியையும் சோதியுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடோடு சோடியம் டங்ஸ்டேட் சேர்த்து நைட்ராக்சைடு செய்யும் பழைய முறையில் டங்ஸ்டன் மிஞ்சலாம். அது டி-1ஐ மாற்றாததால் ஈ.டி.டி.ஏ. சோதனையில் தப்பிவிடும். மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுப் பாலிமரைப் போன்ற தூரிகை வடிவப் பாலிமர்களைக் கோக்கப் பயன்படுவது ருத்தேனிய வினையூக்கி. துண்டுகளைக் கொக்கிபோல் இணைக்கும் கிளிக் வினை என்றால் தாமிரம். தலைப்பில் உலோகம் இல்லை என்று எழுதப்போகிறவர் மிகச் சிறிதளவு உலோகத்தையும் அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் எடுத்த இறுதிச் சேர்மத்தின் அறிக்கையைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி அறிக்கை.

6. வெளி ஆய்வகத்தில் அளத்தல்

ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் என்னும் பொதுக் கருவி மையம் போன்ற இடங்களில் வெளி மாணவர்களும் கட்டணம் கட்டி என்.எம்.ஆரும், இணைசேராத எலக்ட்ரானைக் காட்டும் ஈ.பி.ஆரும் எடுக்கலாம். நாட்டில் எந்தக் கருவி எங்கே என்று ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடலாம். துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதம், மாதிரியின் கரைதிறன், நச்சுத்தன்மைக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள்.

நைட்ராக்சைடை அப்படியே என்.எம்.ஆருக்குக் கொடுத்தால் சிகரங்கள் அகன்று மேடாகிவிடும். "மாதிரி சுத்தமில்லை" என்று குறிப்பெழுதித் திருப்பிவிடுவார்கள்; கட்டணம் திரும்பாது. குழாயிலேயே ஃபீனைல் ஹைட்ரசீன் சேர்த்து ஒடுக்கிவிட்டு எடுக்க வேண்டும் என்று படிவத்தில் எழுதுங்கள். ஈ.பி.ஆருக்கு மட்டும் ஒடுக்காமல் கொடுங்கள். அங்கே மூன்று கோடுகள் தெரிய வேண்டும்.

மாதிரியைக் குளிராகக் கொண்டுபோக, காசிமேட்டில் கிடைத்த தெர்மகோல் பெட்டியை நான் எடுத்துப் போனேன். ஒரு நிறுவனத்தின் வாயிலில் காவலர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு என்னை உள்ளே விட மறுத்தார். மூன்று முறை சோப்புப் போட்டும் வஞ்சிரம் போகவில்லை. புதுப் பெட்டியாகவே வாங்குங்கள்.

7. மருத்துவமனை ஸ்கேனரில் ஃபேண்டம்

மனிதரோ விலங்கோ இல்லாமல், குழாய்களில் கரைசலை மட்டும் வைத்து எடுக்கும் ஃபேண்டம் படத்துக்கும் மருத்துவமனைத் தலைமையின் எழுத்து அனுமதி வேண்டும். நோயாளிகள் முடிந்தபின்தான் நேரம் தருவார்கள். இரவு ஒன்பதுக்கு மேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை. செஸ்ட் வழியில் போகிறவர்கள் அதற்கான நிரல் அந்த ஸ்கேனரில் இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பல இடங்களில் தனி உரிமம் வாங்க வேண்டியிருக்கும்.

குழாய்களைக் காற்றில் நிறுத்தினால் படம் கோணும். தண்ணீர்த் தொட்டியிலோ ஜெல்லிலோ அமிழ்த்துங்கள். வெளித்தொட்டிக்கு மண்ணடிக் கடைகளில் நோன்புக் காலத்தில் குவிந்திருக்கும் கடல்பாசியே போதும், காய்ச்சி ஊற்றிவிடலாம். குழாய்க்குள் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

நேரத்தைக் கணக்கிட்டுப் போங்கள். ஒவ்வொரு வரிக்கும் 6 நொடி, 128 வரிகள் என்றால் ஒரு படத்துக்கு 13 நிமிடம். டி-1 வளைவுக்கு ஏழு தலைகீழ் நேரங்கள் (காந்தத்தன்மையைக் கவிழ்த்துவிட்டுப் படம் எடுக்கும் வரை காத்திருக்கும் இடைவெளிகள்) என்றால் ஒன்றரை மணி நேரம் அதிலேயே போகும். வேகமான எதிரொலி முறையில் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம். தொழில்நுட்பரிடம் கேட்டால் செய்து தருவார். ஸ்கேன் அறை குளிர்ந்திருக்கும். ஆய்வகத்தில் 37 டிகிரியில் அளந்த எண்ணோடு ஒப்பிடுவதற்கு முன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. செல்லும் எலியும்

புற்றுநோய்ச் செல்களைப் புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து வாங்கலாம். நைட்ராக்சைடு எலக்ட்ரான் கொடுத்து வாங்கும் சேர்மம் என்பதால் செல்கள் பிழைத்திருக்கின்றனவா என்று நிறமாற்றத்தால் காட்டும் எம்.டி.டி. சோதனையின் நிறத்தைக் குழப்பக்கூடும். செல் இல்லாத கிணறுகளிலும் அதே அளவு சேர்மத்தைப் போட்டு ஒப்பிடுங்கள். எலிக்கான தனி ஸ்கேனர் உள்ள இடம் கிடைப்பது அரிது. மனித ஸ்கேனரில் மணிக்கட்டுச் சுருளை வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நோயாளிகள் படுக்கும் மேசையில் எலியை வைக்க எல்லா மருத்துவமனையும் சம்மதிக்காது. இதையும் மூன்றாம் படியிலேயே பேசி முடித்திருக்க வேண்டும்.

மனிதச் சோதனை மாணவர் வேலை இல்லை. காண்ட்ராஸ்ட் சட்டப்படி மருந்து. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி சி.டி.-04 படிவம், முதற்கட்டச் சோதனைக்கு 3 லட்சம் ரூபாய் கட்டணம், அதற்கு முன் முழு நச்சியல் ஆய்வு. விண்ணப்பத்தில் "மூன்றாம் ஆண்டில் நோயாளிகளுக்கு" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

9. கட்டுரைக்கு முன் காப்புரிமை

புதுச் சேர்மம் கிடைத்தால் சுவரொட்டியாகக்கூட எங்கும் காட்டாதீர்கள். காட்டியபின் புதுமை போய்விட்டது என்று வாதிட இடம் கொடுத்ததாகிவிடும். தற்காலிக விண்ணப்பத்தை முதலில் பதிவுசெய்யுங்கள். தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அதன்பின் 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம். நோயறியும் முறைகளுக்கு நம் சட்டத்தின் 3(ஐ) பிரிவு காப்புரிமை தராது. ஆகவே "கட்டியைப் படமெடுக்கும் முறை" என்று கோராமல் சேர்மத்தையும் அதன் கலவையையும் கோருங்கள். கல்லூரியின் பெயரா, உங்கள் பெயரா என்பதற்கு எழுத்து ஒப்பந்தம் அன்றே வேண்டும்.

அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் இடையில் மாறாமல் போய்விடலாம். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை போனேன். எல்லாம் இணையத்திலேயே முடிகிற வேலை. பதிவு எண் வந்ததும், தற்காலிக விண்ணப்பம் பதிவான தேதியிலிருந்து 31 மாதம் எண்ணி, பரிசோதனை கோரும் படிவம் 18க்கான கடைசி நாளைச் சுவர் நாள்காட்டியில் எழுதுங்கள். கட்டணம் 4,000 ரூபாய். அந்த நாள் தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். அதற்குள் நீங்கள் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். நெறியாளரின் நாள்காட்டியிலும் ஒரு முறை எழுதிவிட்டு வாருங்கள்.